அவை முன் நின்ற ஆண்டவன்

தில்லைச் சிற்றம்பலத்தைத் தரிசித்து வெளிவரும் அன்பர்கள் கிழக்கு நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் அண்ணாமலை நகரை அடைவர். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ஆம் ஆண்டு நிறுவிய பல்கலைக்கழகத்தால் பெயர் பெற்றது அந்நகர். அங்குத் தமிழ்ப்பணி ஆற்றிய பேரறிஞர்கள் பலர். நாவலர் சோமசுந்தர பாரதியார் வழக்கறிஞராக விளங்கிப் பின்னர் 1933-ஆம் ஆண்டு முதல் அங்கே தமிழ்த்துறைத் தலைமை ஏற்றவர். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் கல்வெட்டுகளைத் துருவி ஆராய்ந்து சோழர் வரலாற்றை எழுதியவர். க. வெள்ளைவாரணனார் பன்னிரு திருமுறைகளின் வரலாற்றை விரித்துரைத்தவர். சட்டமும் கல்வெட்டும் திருமுறையும் ஒருங்கே பயிலப்பெற்ற ஊர் அது எனலாம்.

இம்மூன்றையும் ஒன்றாக வைத்து நோக்குவார்க்கு ஒரு வினா எழுகின்றது. நீதி என்பது யாது? முறைப்படி விசாரித்துத் தீர்ப்பு வழங்குவதோடு அது நிறைவு பெறுமா? அன்றி, அவைக்கு வரவே வழியில்லாதவன் துயரையும் அது நோக்க வேண்டுமா? இவ்வினாவிற்குரிய விடையைத் தில்லையிலேயே அரங்கேறிய பெரியபுராணம் மூன்று அடியவர் வரலாறுகளின் வாயிலாக உணர்த்துகின்றது.

சேக்கிழார் கண்ட அரசியல்

பெரியபுராணத்தை அருளிய சேக்கிழார் பெருமான், இரண்டாம் குலோத்துங்க சோழன் (1133–1150) அரசவையில் முதலமைச்சராகப் பணியாற்றி, உத்தம சோழப் பல்லவர் என்னும் பட்டம் பெற்றவர். தில்லைக் கூத்தப்பெருமான் அடியெடுத்துக் கொடுக்க, அவர் ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்து நூலைப் பாடி முடித்து, ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரையில் விரித்துரைத்தார் என்பது மரபு.

அரசாட்சியின் நுட்பங்களை நேரில் அறிந்தவர் ஆதலின், வழக்கு விசாரணையை அவர் போகிற போக்கில் பாடிச் செல்லவில்லை. வாதி கூறுவது, பிரதிவாதி மறுப்பது, அவையோர் சான்று கேட்பது, தீர்ப்பளிப்பது என ஒவ்வொரு படியையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுகின்றார். பெரியபுராணம் முழுமைக்கும் ஏழு தொகுதிகளாகப் பேருரை கண்ட சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியாரும் கோவையில் வழக்கறிஞராக இருந்தவரே என்பது இங்கு எண்ணத்தக்கது.

வெண்ணெய்நல்லூர் வழக்கு

திருநாவலூரில் ஆதிசைவ குலத்தில் தோன்றிய நம்பியாரூரர்க்குப் புத்தூரில் திருமணம் நிகழ இருந்தது. அவ்வேளையில் முதிய வேதியர் ஒருவர் பந்தலின் முன் வந்து நின்று, இந்நம்பி தமக்கு அடிமை என்று உரைத்தார். அவையினர் நகைத்தனர். நம்பியும் நகைத்து, அந்தணர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ, நீர் பித்தரோ என்று இகழ்ந்தார். முதியவர் தம்மிடம் ஓலை உண்டு என்றார். நம்பி அவரைத் துரத்திச் சென்று ஓலையைப் பற்றிக் கிழித்தெறிந்தார். முதியவரோ சினந்து போய்விடவில்லை. வழக்கைத் தம் ஊராகிய திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டு சென்றார்.

அவையோர் முதலில் கூறியதும் நம்பி கூறியதையே. அந்தணர் அந்தணர்க்கு அடிமையாகும் வழக்கம் இவ்வுலகில் இல்லை என்றனர். அத்துடன் அவர்கள் அவையைக் கலைத்திருந்தால் நீதி அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவ்வாறு செய்யவில்லை. ஓலையை வலிந்து கிழித்தது வெற்றியாகுமா என்று நம்பியைக் கேட்டனர். தம் ஊரினர் என்று முதியவர் பக்கமும் சாயவில்லை. உம் கூற்றை மெய்ப்பித்துக் காட்டுக என்று அவரையும் பணித்தனர்.

முதியவர் கிழிபட்டது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் பத்திரமாக உள்ளது என்றும் கூறினார். அதனையும் கிழியாமல் காப்பீராயின் காட்டுவேன் என்றார். அவையோர் அதற்கு உறுதி அளித்தனர். கரணத்தான் ஓலையை வாங்கி விரித்து வாசித்தான். நம்பியின் பாட்டனார் தாமும் தம் வழியினரும் ஆட்பட்டுப் பணிசெய்வதாக எழுதிக் கொடுத்த ஓலை அது. சான்றாகக் கையெழுத்திட்டவர்களின் எழுத்து ஒப்புநோக்கப்பட்டது. பின்னர்ப் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தனர். எழுத்து ஒத்திருந்தது. நம்பி தோற்றார் என்று அவை தீர்ப்புரைத்தது. முறை இதுவாயின் தாம் உடன்படாதிருத்தல் கூடுமோ என்று நம்பியும் ஏற்றார்.

ஓலையில் கண்ட உம் மனை யாது என்று அவையோர் வினவ, முதியவர் அனைவரையும் அழைத்துச் சென்று திருவருட்டுறைத் திருக்கோயிலுள் புகுந்து மறைந்தார். வந்தவர் சிவபெருமானே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மூன்று சான்றுகள்

இவ்வழக்கில் அவையோர் கேட்ட சான்றுகள் மூன்று. ஆட்சி என்பது நெடுநாள் நடைமுறையில் இருந்துவரும் அனுபவம். ஆவணம் என்பது எழுத்துச் சான்று. அயலார் காட்சி என்பது பிறர் நேரில் கண்டு கூறும் சாட்சி. யாஞ்ஞவற்கிய ஸ்மிருதியும் எழுத்து, அனுபவம், சாட்சி ஆகிய இம்மூன்றையே கூறி, இவை ஒன்றும் இல்லாதவிடத்துத் தெய்வச் சான்றை நாடுக என்கின்றது.

இக்கால நீதிமன்ற நடைமுறையும் இதிலிருந்து மிகவும் வேறுபட்டதன்று. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் படியைக் காட்டிலும் மூல ஆவணத்தையே முதன்மையாகக் கொள்கின்றன. ஐயத்திற்குரிய கையெழுத்தை ஐயமற்ற கையெழுத்தோடு ஒப்பிடுவதையும் ஏற்கின்றன. வெண்ணெய்நல்லூர் அவையோர் செய்ததும் இவையே.

இவற்றினும் ஆழ்ந்த கருத்து ஒன்று உண்டு. உலகனைத்தையும் உடையவன் தன் உடைமையைக் கேட்க வந்தபோது தன் பேராற்றலைக் காட்டவில்லை. அடியேனுக்கு நீதி வழங்குக என்பவரைப் போல ஊரவையின் முன் நின்றான். ஓலையைக் காட்டினான். விசாரணைக்கு உட்பட்டான். இறைவனே சான்று காட்டி வென்றான் என்றால், பதவியாலோ செல்வத்தாலோ சான்றின்றி வெல்ல நினைப்பவர் நிலை என்ன?

இதற்கு மறுதலையாகச் சிலப்பதிகாரத்தில் மதுரை நிகழ்ச்சி அமைந்துள்ளது. பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பினான். கோவலனை அழைத்துக் கேட்கவில்லை. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்னும் ஒரு வினா முன்னரே எழுந்திருக்குமாயின் ஓர் உயிரும் ஓர் அரசும் பிழைத்திருக்கும். விசாரணை என்பது வெறும் சடங்கன்று. அதில் உயிர்கள் தொங்குகின்றன.

தில்லையில் நிகழ்ந்த வழக்கு

இரண்டாவது வழக்கு தில்லையிலேயே நிகழ்ந்தது. திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த குயவர்; அடியார்களுக்குத் திருவோடு வனைந்து அளிப்பதைத் தொண்டாகக் கொண்டவர். இளமையில் அவர் பரத்தையர்பால் சென்றதனை அறிந்த மனைவியார், திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்றார். இறைவன் பெயரால் இட்ட ஆணைக்குக் கட்டுப்பட்டு, நாயனார் எல்லாப் பெண்டிரையும் துறந்தார். இருவரும் ஒரே இல்லத்தில், பிறர் அறியாத வண்ணம், முதுமை எய்தும் வரை அவ்வாறே வாழ்ந்தனர்.

ஒருநாள் சிவயோகியார் ஒருவர் ஓர் ஓட்டினை அவரிடம் அடைக்கலமாகக் கொடுத்துச் சென்றார். பின்னர் அவர் வந்து கேட்டபோது ஓடு வைத்த இடத்தில் இல்லை. நாயனார் வேறு நல்ல ஓடு தருவதாக வேண்டியும் யோகியார் இசையவில்லை. திருடவில்லை என்றால் மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க என்றார். நாயனாரால் அது இயலாது. இயலாமைக்குக் காரணம் கூறவும் அவர் நா எழவில்லை.

யோகியார் வழக்கைத் தில்லைவாழ் அந்தணர் அவைக்குக் கொண்டு சென்றார். ஆவணம் இல்லை, கண்ட சாட்சி இல்லை. ஓடு காணாமற்போயிற்று என்று நாயனார் கூறியதால், மூழ்கிச் சத்தியம் செய்து கொடுத்தலே முறை என அவையோர் உரைத்தனர். நூல் முறைப்படி அதில் பிழையில்லை. சான்று இல்லாதவிடத்துச் சத்தியம் கேட்பதே அக்கால நெறி. ஆயினும், கைப்பற்ற முடியாமைக்குக் காரணம் என்ன என்று அங்கே ஒருவரும் அவரைக் கேட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை.

திருப்புலீச்சுரத்துக் குளக்கரையில் இருவரும் ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பற்றி இறங்கினர். கையைப் பற்றுக என்று யோகியார் வற்புறுத்தினார். அப்போதுதான் நாயனார், அத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்திருந்ததை ஊரறிய உரைத்து மூழ்கினார். மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர். இளமையாக்கினார் கோயில் என அத்தலம் இன்றும் வழங்குகின்றது.

குற்றமற்ற குயவர் ஒருவர், தம் வாழ்வின் மறைபொருளை வெளியிட்ட பின்னரே குற்றமற்றவர் எனத் தெளியப்பட்டார். முறை சரியாக இருந்தும், மெய் தெரியப் பெருந்துன்பம் வேண்டியிருந்தது. முறை மட்டும் போதாது. எதிரே நிற்பவர் ஏன் வாய் திறவாமல் நிற்கின்றார் என்று கேட்கும் கனிவும் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகின்றது.

அவையைச் சேராத வழக்கு

மூன்றாவது வரலாற்றில் வழக்கு உண்டு, அவை இல்லை.

திருநாளைப்போவார் என்னும் நந்தனார், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். சிவாலயங்களுக்குரிய பேரிகைகளுக்குத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் தந்தவர். அவர் தந்த தோல் கோயிலுக்குள் ஒலித்தது. அவர் தந்த நரம்பு கோயிலுக்குள் இசைத்தது. அவர் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றார். நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிச் சொல்லித் தம் பெயரையே அவ்வாறு பெற்றார். ஒருநாள் துணிந்து தில்லை எல்லையை அடைந்தவர், தம் பிறப்பை எண்ணி ஊருக்குள் புகாமல் இரவும் பகலும் எல்லையையே வலம் வந்தார்.

அறிஞர்கள் இங்கு ஒரு நுட்பம் காண்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், நந்தனாரைத் தில்லைக்குச் செல்ல விடாத வேதியராகிய நிலவுடைமையாளர் ஒருவர் வருகின்றார். சேக்கிழார் நூலில் அவர் இல்லை. அங்கே நந்தனாரைத் தடுத்த மனிதர் ஒருவரும் இல்லை, தடுத்தது வழக்கமே. தடுத்தவர் ஒருவர் இருந்தால் அவர்மேல் வழக்குத் தொடுக்கலாம். ஊரெங்கும் பரவிய வழக்கத்தின்மேல் யாரிடம் சென்று முறையிடுவது?

பெரியபுராணத்தின் முற்பகுதியில் திருவாரூர் மனுநீதிச் சோழன் வரலாறு கூறப்பெறுகின்றது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் கேட்டான். கழுவாய் செய்தால் போதும் என்று அமைச்சர் கூறியதை, பிறன் மகனுக்கு ஒரு நீதி, என் மகனுக்கு ஒரு நீதியோ என்று மறுத்துத் தன் மகன்மீதே தேரைச் செலுத்தினான். இறைவன் அருளால் அனைவரும் உயிர் பெற்றனர். வாய் பேசாத பசுவுக்கு ஒரு மணி இருந்தது. தில்லை எல்லையில் நின்ற நந்தனார்க்கு அசைப்பதற்கு ஒரு மணி இல்லை. அவர் முறையீட்டைக் கேட்டவன் கூத்தப்பெருமான் ஒருவனே.

பெருமான் கனவில் தோன்றிப் பணித்தவாறு, தென்திருவாயிலின் வெளியே மூட்டிய தீயில் புகுந்து முனிவர் வடிவுடன் எழுந்து, நந்தனார் அம்பலத்தை அடைந்து மறைந்தார் என்கிறது புராணம். அடியவர் பெருமையை உலகறியச் செய்த திருவருட்செயல் என உரையாசிரியர் பலர் இதனைப் போற்றினர். தூயவர்க்கு மேலும் தீ எதற்கு என்று இருபதாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் பலர் வினவினர். இரு சாராரும் ஒன்றை மறுக்கவில்லை: நந்தனாரிடத்தில் குற்றம் ஒன்றும் இல்லை.

சுந்தரர் எழுதிய தீர்ப்பு

இனி, முதல் வழக்கில் தோற்ற நம்பியாரூரரிடம் மீண்டும் வருவோமாக. அந்தணர்க்கு அடிமைத்தனம் இல்லை என்பதே அன்று அவர் எடுத்துரைத்த வாதம். பிறப்பையே அரணாகக் கொண்டு நின்றார் அவர். அவ்வரண் அவையில் உடைந்தது. தாம் ஆள் என்பதை ஒப்புக்கொண்டு வெளிவந்தவர், பின்னாளில் திருவாரூரில் திருத்தொண்டத்தொகை பாடினார். அறுபது தனியடியார்களுக்கும் ஒன்பது தொகையடியார்களுக்கும் தாம் ஆள் என்று ஒருவர் ஒருவராகச் சொல்லிச் செல்கின்றார்.

அவ்வரிசையின் தொடக்கத்தில் நிற்போர் தில்லைவாழ் அந்தணர். அடுத்து நிற்பவர் அவர்கள் அவையில் விசாரிக்கப்பெற்ற குயவராகிய திருநீலகண்டர். அதே பதிகத்தில் வேடரும் உண்டு. மீன் பிடிப்பவரும் உண்டு. துணி வெளுப்பவரும் உண்டு. தில்லை எல்லையில் நின்ற திருநாளைப்போவாரையும் செம்மை உடையவர் எனச் சிறப்பித்து, அவர்க்கும் தம்மை ஆளாக்கிக் கொள்கின்றார் சுந்தரர். யார்க்கும் அடிமையாகேன் என்று வாதிட்டவர், பிறப்பு வேற்றுமை பாராது எல்லா அடியவர்க்கும் அடிமையானார். வெண்ணெய்நல்லூர்த் தீர்ப்பு நிறைவேறிய இடம் இதுவே. நந்தனாரின் வழக்கை எந்த அவையும் கேட்கவில்லை. சுந்தரரின் பதிகமே அதற்குத் தீர்ப்பாயிற்று.

ஆயினும், பதிகத்தில் கிடைத்த சமநிலை வீதியில் கிடைக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. சுவாமி சகஜானந்தர் 1916-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி ஒன்றை நிறுவி, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வியும் உணவும் உறைவிடமும் கிடைக்கச் செய்தார். சட்டமன்றத்திலும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்றப்பெற்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. நந்தனார் தேடிய மணி அதன் பின்னரே சட்டப்படி மக்கள் கைக்கு எட்டியது.

நீதியும் நியாயமும்

இக்கால அறிஞர் இருவர் கருத்துகள் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நூலில், ஒரு சமுதாயத்தின் விதிகளை வகுப்போர், அச்சமுதாயத்தில் தாம் செல்வராய்ப் பிறப்போமா, வறியராய்ப் பிறப்போமா என்பதை அறியாத நிலையில் இருந்து வகுக்க வேண்டும் என்றார். நாளை தாமே வாயிலுக்கு வெளியே நிற்க நேரிடலாம் என எண்ணுபவர், வாயிலை அடைக்கும் விதியை எழுதமாட்டார்.

இந்தியப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2009-இல் வெளியிட்ட நூலில், நீதி, நியாயம் என்னும் இரு வடசொற்களை வேறுபடுத்திக் காட்டினார். நிறுவனங்களும் விதிகளும் செம்மையாக அமைதல் நீதி. அவற்றால் மக்கள் உண்மையில் எத்தகைய வாழ்வைப் பெறுகின்றனர் என்பதை நோக்குவது நியாயம். இவ்வளவையைக் கொண்டு நோக்கின், வெண்ணெய்நல்லூரில் நீதியும் நியாயமும் ஒன்றாகவே நின்றன. திருநீலகண்டர் வழக்கில் நீதி முன்னே சென்றது. நியாயம் குளக்கரையில்தான் வந்து சேர்ந்தது. நந்தனார் திறத்தில் நியாயம் எல்லைக்கு வெளியே காத்து நின்றது.

தமிழில் வழக்கு என்னும் சொல் ஊர் வழக்கத்தையும் குறிக்கும். அவையில் தொடுக்கும் முறையீட்டையும் குறிக்கும். வழக்கம் என்று சொல்லி ஒரு முறையீட்டைத் தள்ளிவிடாமல், அதனை எடுத்து ஆராய்ந்தபோது வெண்ணெய்நல்லூர் அவை பெருமை பெற்றது. எந்த வழக்கத்தின்மேலும் வழக்கு உரைக்க இடம் இருக்கும் ஊரே நீதி உடைய ஊர்.

வாழ்வில் கொள்ளத்தக்கவை

1. இரு பக்கமும் கேளாமல் எவர்மீதும் குற்றம் சாற்றலாகாது. வீட்டில் பிள்ளைகளிடையே எழும் சிறு பூசலுக்கும் இது பொருந்தும்.

2. நம் ஊரார், நம் உறவினர் என்பதால் சான்று கேளாமல் விடலாகாது. அவையோர் தம் ஊர் முதியவரிடமே முதலில் சான்று கேட்டனர்.

3. பேச இயலாமல் நிற்பவரின் மௌனத்தைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது. அதன் காரணத்தைக் கனிவுடன் கேட்டறிதல் வேண்டும்.

4. நம் இல்லத்திற்கும் திருக்கோயிலுக்கும் தம் உழைப்பைத் தருபவர் எவரேனும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனரா என்று நோக்குதல் வேண்டும்.

தில்லைத் தென்வாயிலைக் கடக்கும்போது, நாளை போவேன் என்று காத்திருந்த அடியவரை ஒருகணம் நினைப்போமாக. நம்மால் எவரும் நாளை வரை காத்திருக்க நேராதபடி நடந்துகொள்வதே அவருக்குச் செய்யும் வழிபாடாகும்.

திருச்சிற்றம்பலம்.